கை நனைத்த வீடு

பையைத் தள்ளி வைக்கட்டுமா? வேண்டாமா, சரி. தேங்காய் உருளும். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆமாம் தம்பி, சொந்தக்காரர்கள் வீடுதான். மகள் வீடு. நன்றாகக் கவனித்தார்களா என்கிறீர்கள். மூட்டையைப் பார்த்தால் தெரியவில்லையா? கவனித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறை வைத்திருந்தால் பிழைத்திருப்பேன். காபி ஆறிப்போயிருந்தால், வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்திருந்தால், அந்தக் கோபத்திலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். விடவில்லை அவர்கள்.

எனக்கு அதிகம் பேச வராது. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். சர்வீஸ் முழுக்க அடுத்தவன் கதை கேட்டே காது புளித்துவிட்டது. டிக்கெட் எடுத்தவன் காட்டிவிட்டுச் சும்மா இருப்பான். எடுக்காதவன்தான் பேசுவான். மாமனார் செத்துவிட்டார் என்பான், பர்ஸைக் காணோம் என்பான். அதனால் பேச்சு நீண்டால் எனக்கு நம்பிக்கை வராது. நானும் நீட்டுவதில்லை. இன்றைக்கு என்னமோ பேசுகிறேன். நீங்கள் சேலத்தில் இறங்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவா போகிறீர்கள்?

கோவில்பட்டிக்குப் பக்கம் நமக்கு. ஒரே மகள், செண்பகவல்லி. படித்தாள். பெங்களூரில் வேலைக்குப் போனாள். ஒரு பொங்கலுக்கு வந்தபோது, மைசூர்ப் பையன் ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்று அடுப்படி வாசலில் நின்றாள். கன்னடக்காரன், பேர் லோகேஷ். அவள் அம்மா அழுதாள். நான் சத்தம் போடவில்லை. கை ஓங்கவில்லை. "போ" என்றேன். போனாள். நடந்தது அவ்வளவுதான். அப்பன்காரன் விரட்டிவிட்டான் என்று ஊரில் பேச்சு. போகிறேன் என்று நிற்கிறவளிடம் போ என்பது விரட்டுவதா? கல்யாணத்துக்குப் போகவில்லை, அது வேறு விஷயம். பதினோரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

என் வீட்டுக்காரி பேர் சுப்புத்தாய். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போவாள். அங்கேயிருந்து மகளோடு போனில் பேசுவாள். எனக்குத் தெரியாது என்று அவள் நினைப்பு. திரும்பி வருகிறபோது நெற்றியில் ஒரு பொட்டுத் திருநீறு இருக்காது. என்ன கோயில் அது? தெரியும் எனக்கு. கேட்டதில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டி வரும்.

ஐப்பசியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். பிறகு கஞ்சி என்று ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. மதுரையில் காட்டினோம். உணவுக்குழாயில் புற்று, தொண்டைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை போட்டார்கள். கஞ்சித் தண்ணீருக்கு வயிற்றில் ஒரு குழாய். குரல் போய்விட்டது. காற்றுத்தான் வரும். டாக்டர் என்னை வெளியே கூட்டிவந்து, "பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிருங்க பெரியவரே, மாசி தாண்டுறது கஷ்டம்" என்றார். இப்போது தை முடியப் போகிறது.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இடுப்புயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள், ஒரு சின்னப் பிள்ளை நிற்கிற மாதிரி. அப்புறம் வலது மூக்கைத் தொட்டாள். மகளுக்கு வலது பக்கம் மூக்குத்தி. "செண்பகாவா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தரையைக் காட்டினாள். இங்கே, என்று. "கூட்டிட்டு வாரேன்" என்றேன். கையை விடவில்லை அவள். "கூட்டிட்டு வாரேங்கேன்ல" என்று சத்தம் போட்ட பிறகுதான் விட்டாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் கொழுந்தியாள் ராமலட்சுமி, அவள்தான் இப்போது சுப்புத்தாய்க்குத் துணை, "நான் சொல்லிரட்டா அத்தான்" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். "நீ வாயைத் திறக்கப்படாது. நான் நேர்ல போறேன்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் வராத அப்பன் வாசலில் வந்து நின்று "கிளம்பு" என்றால் அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆத்தா சாகக் கிடக்கிறாள் என்று சொன்னால்தான் வருவாளா? அப்பன் கூப்பிட்டான், வந்தாள் என்று இருக்க வேண்டாமா? அதனால் போனில், "புதன்கிழமை வாரேன்" என்று மட்டும் சொன்னேன். "அப்பாவா? அப்பாவா பேசுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டேன்.

இந்த வண்டி காலையில் மைசூர் போய்ச் சேருகிறது. சாயங்காலம் அங்கிருந்து திரும்புகிறது. திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். எனக்கொன்று, அவளுக்கொன்று. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது அவள் இடம். இருங்கள், இருங்கள். எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? சும்மா போகிற இடத்தில் யார் உட்கார்ந்தால் என்ன?

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் பக்கம் ஒரு காரியமாக ஒரு வீட்டுக்குப் போனால், அந்தக் காரியம் பேசி முடிகிற மட்டும் அங்கே கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். இலையில் உட்காரக் கூடாது. பெண் கேட்கப் போனாலும் அப்படித்தான், பங்காளிச் சண்டையைத் தீர்க்கப் போனாலும் அப்படித்தான். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, மனசில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு பழைய பேச்சைக் கிளப்பினால் அது தின்ற வீட்டில் குழப்பம் பண்ணுகிற வேலை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படி. நானும் மாற்றியதில்லை.

அதனால் வண்டியிலேயே முடிவு பண்ணிக்கொண்டேன். கூட்டிப் போகிறேன் என்ற பேச்சு முடியாமல் பருக்கை தொடக் கூடாது.

ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். செண்பகா, லோகேஷ், பேத்தி, சம்பந்தியம்மா. பேத்தி பேர் சிரி. அதென்ன பேரோ. சம்பந்தியம்மா பேர் கெம்பம்மா. என் வயசுக்கு நாலைந்து குறைவாக இருக்கும். புருஷன் இல்லை. மருமகளிடம் கற்றுக்கொண்ட தமிழ் பாதி, கன்னடம் பாதி. "வாங்க பீகரே, வாங்க" என்றாள். அங்கே சம்பந்தியை அப்படித்தான் சொல்லுவார்களாம். லோகேஷ் பிளாட்பாரத்திலேயே குனிந்து காலைத் தொட்டான். என் ஒரு கையில் பை, ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில். என்ன செய்வது? பாட்டிலோடு தலையில் கை வைத்தேன்.

என் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரைக்கும் விடவில்லை.

கார் ஏறுவதற்கு முன்னாலேயே "கிளம்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "அப்பா, தலையை இடிச்சுக்காதீங்க" என்றாள். போயிற்று.

வீட்டு வாசலில் கால் கழுவத் தண்ணீர். ஆரத்தி. எனக்கு ஆரத்தி, தம்பி. என்னவோ புதுமாப்பிள்ளை மாதிரி. உள்ளே போனதும் அரிசி ரொட்டி, அடை மாதிரி தட்டிச் சுட்டது, மேலே வெண்ணெய், தேங்காய்ச் சட்னி. மணம் இழுக்கிறது. ராத்திரி முழுக்க ரயிலில் ஒன்றும் சாப்பிடவில்லை. "பசிக்கலை" என்றேன்.

"கொஞ்சம்ப்பா."

"வயிறு சரியில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். உடனே சீரகக் கஷாயம் வந்தது. அது குடிக்கிற சமாச்சாரம், குடித்தேன். பிறகு மோர். பிறகு லோகேஷ் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தான். பிறகு மாதுளம்பழச் சாறு. வயிறு சரியில்லை என்று சொன்ன பாவத்துக்கு வயிறு நிறையத் தண்ணீர். கக்கூஸுக்கு நடந்தே ஓய்ந்தேன்.

"செண்பகா, ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"சாப்ட்டுட்டுப் பேசலாம்ப்பா. முதல் தடவை வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட என்ன பேச்சு?"

பேசாமல் நான் சாப்பிட முடியாது. சாப்பிடாமல் அவள் பேச மாட்டாள். எங்கே போய் முட்டிக்கொள்வது? அதையே எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? அவளுக்குத் தெரியாதா என்ன? எங்கள் ஊரில் வளர்ந்தவள்தானே. பதினோரு வருஷம் கன்னடம் பேசி மறந்துவிட்டாள் போலிருக்கிறது. இல்லை, அப்பன் காரியமாக வந்திருக்கிறான் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சரி, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் தனியாக எங்கே விட்டாள்? தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் கூட்டி வந்தாள். எதிர்வீட்டு அம்மா, மாடிவீட்டுக்காரர், தையல் கடைக்காரி. ஒவ்வொருத்தரிடமும், "எங்கப்பா. எங்கப்பா வந்திருக்காங்க." கன்னடத்தில் அவர்கள் ஏதோ கேட்க, இவள் சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னாள்: "எனக்கு அப்பாவே கிடையாதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம்ப்பா இவங்க." அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று நின்று கும்பிட்டேன்.

ஒரே ஒரு தரம் தனியாக மாட்டினாள். பின்கட்டில் கைகழுவப் போனபோது துண்டைக் கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, அம்மா கார்த்திகையில இருந்து போனே பேசலை. சித்திகிட்ட கேட்டா என்னத்தையோ சொல்லி மழுப்புறா. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்களா? நீங்கதான் பேசக்கூடாதுன்னீங்களா?"

என்ன கேள்வி பாருங்கள். நான் தடுத்தேனாம். சுருக்கென்று வந்தது எனக்கு. "ம்" என்றேன்.

அவள் துண்டைத் திரும்ப வாங்கி மடித்தாள். அப்புறம், "பரவாயில்லப்பா. அதான் நீங்களே வந்துட்டீங்களே" என்றாள். "அம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா."

பொய் சொல்லவில்லை, தம்பி. இருக்கிறாள்தானே. அடுத்த வார்த்தையை எடுக்கத்தான் போனேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளே என்னவோ பாத்திரம் விழுந்தது. "ஐயோ, அத்தை!" என்று ஓடினாள்.

நானும் போய்ப் பார்த்தேன். கெம்பம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கை கிடுகிடுவென்று ஆடுகிறது. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டிருக்கிறாள். போட்டவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை? நான் சாப்பிடவில்லை, அதனால். அந்த வீட்டில் வந்தவர் கை வைக்கிறதற்கு முன்னால் வீட்டுக்காரர் கை வைக்க மாட்டார்களாம். அவளுக்கு மாமியார் சொல்லி வைத்த வழக்கமாம். அவள் மட்டுமில்லை, ஒருத்தரும் சாப்பிடவில்லை. லோகேஷ் சாப்பிடவில்லை. என் மகள் சாப்பிடவில்லை. அப்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அது எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? காலையிலிருந்தே அந்தப் பேத்தி என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, "தாத்தா, உங்களுக்கு எப்ப பசிக்கும்?" என்று கேட்டாள். தமிழ் நன்றாகத்தான் பேசுகிறது. என் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறது என்று நினைத்தேன். "பசிக்கும்போது பசிக்கும், போ" என்றேன். போனாள். பிள்ளைக்கு வயிறு காய்ந்திருக்கிறது.

லோகேஷ் சர்க்கரையை அள்ளி அம்மா வாயருகே கொண்டுபோனான். அந்த அம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். என்னைக் கையால் காட்டினாள். "பீகரு மொதல்ல" என்றாள். கண் சொருகுகிறது, அப்போதும் பீகரு மொதல்ல. இவன் கெஞ்சுகிறான். என் மகள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் என்னையே பார்த்தாள்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஒரு உயிருக்காகப் போனேன். அங்கே இன்னொரு உயிர் எனக்காக ஆடிக்கொண்டிருக்கிறது.

"இலையைப் போடு" என்றேன்.

உட்கார்ந்தேன். கேழ்வரகு களி, உருண்டை பிடித்து. பந்து மாதிரி. நாட்டுக்கோழிக் குழம்பு. நமக்குத் தெரியாத களியா? ஆனால் அங்கே தின்கிற விதம் வேறு. நான் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். கெம்பம்மாவுக்கு அதற்குள் சர்க்கரை உள்ளே போய் உயிர் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து சிரித்தாள். "மெல்லக் கூடாது பீகரே. முழுங்கணும். குழம்புல தோச்சு அப்படியே முழுங்கணும்." கையை உயர்த்திச் செய்து காட்டினாள். பேத்தியும் காட்டியது. ஒரு கவளம் எடுத்தேன். தோய்த்தேன். முழுங்கினேன்.

இறங்கியது, தம்பி. முழுசாக, வழுக்கிக்கொண்டு. தொண்டை வழியாக நெஞ்சு வழியாகப் போகிறது தெரிகிறது. எவ்வளவு லேசாக இறங்குகிறது என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். அடுத்த கவளத்தில் புரையேறிவிட்டது. கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர். செண்பகா ஓடி வந்து உச்சந்தலையில் தட்டினாள். "அம்மாதான் நெனைக்கிறா. இந்நேரம் அவளும் சாப்பிட உக்காந்திருப்பா" என்றாள்.

"தண்ணி குடு" என்றேன்.

பிறகு ஒபட்டு வைத்தார்கள். நம் போளிதான், பெரிசாக. மேலே நெய். போதும் என்றால் கெம்பம்மாவுக்குக் காது கேட்காது. "இன்னொன்னு. சின்னது." சின்னதென்று தட்டு அகலத்துக்கு ஒன்று. நன்றாக இருந்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன். தின்றேன்.

கை கழுவினேன். வெற்றிலை கொடுத்தார்கள். செண்பகா என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்கப்பா. என்ன விஷயம்?"

இப்போது கேட்கிறாள். கை நனைத்த பிறகு. கெம்பம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். லோகேஷ் சுவரில் சாய்ந்து நிற்கிறான். எல்லார் முகத்திலும் சாப்பிட்ட நிறைவு. இப்போது போய் நான், உன் ஆத்தா மாசி தாண்ட மாட்டாள் என்று எப்படிச் சொல்வது? இத்தனை நேரம் அதை மனசில் வைத்துக்கொண்டா ஒபட்டு தின்றான் இந்த ஆள் என்று நினைக்க மாட்டார்களா? கெம்பம்மா என்ன நினைப்பாள்?

"ஒண்ணுமில்ல. ஊருக்கு வான்னு கூப்பிடத்தான்."

தம்பி, அவள் அழுத அழுகையை நீங்கள் பார்க்க வேண்டும். என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். கெம்பம்மா அழுதாள். அந்த லோகேஷ்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வாரேம்ப்பா. எல்லாரும் வாரோம். சிரிக்குப் பரீட்சை முடியட்டும். சித்திரையில ஸ்கூல் லீவு விட்டதும் வாரோம். ஒரு மாசம் இருப்போம். அத்தையும் வாராங்க."

"இப்ப வா" என்றேன்.

"இப்பவா?" சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். "இத்தனை வருஷம் பொறுத்தீங்க, ரெண்டு மாசம் பொறுக்க மாட்டீங்களா? அதுக்குள்ள அவசரமா? அம்மாகிட்ட சொல்லுங்க, சித்திரைக்கு நான் அவ கைச் சோறு தின்ன வாரேன்னு."

"சரி" என்றேன்.

வேறென்ன சொல்வது? கேட்டாயிற்று. இப்ப வா என்று வாய்விட்டுக் கேட்டேன். நீங்களே சொல்லுங்கள், கேட்டேனா இல்லையா? அவள்தான் சித்திரை என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வண்டியைச் சந்தைப் பக்கம் நிறுத்தச் சொன்னாள் கெம்பம்மா. சுமங்கலிக்கு மஞ்சள், குங்குமம், சேலை, வளையல் இல்லாமல் பீகரை அனுப்பக் கூடாதாம். இந்தப் பைதான், நீங்கள் காலை இடித்துக்கொண்டிருக்கிறீர்களே. பச்சைக் கண்ணாடி வளையல். "உங்க மனேயவரு கை அளவு என்ன பீகரே?" என்று என்னைக் கேட்டாள். நான் முழித்தேன். "அம்மாவுக்கு என் அளவேதான். நான் அம்மா வளையலத்தான் போட்டுத் திரிவேன்" என்று செண்பகா கையை நீட்டினாள். கடைக்காரன் அவள் கையில் ஏற்றிப் பார்த்தான். நல்ல கை. சதைப்பிடிப்பான கை. சுப்புத்தாய் கை அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த வளையலைப் போட்டால் தோள் வரைக்கும் போகும், தம்பி. கையைத் தொங்கவிட்டால் தரையில் கிடக்கும்.

"சரியா இருக்குமாப்பா?"

"இருக்கும்."

வண்டி கிளம்புகிறபோது ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என் மேல இருந்த கோவம் போயிருச்சா?" என்றாள்.

"எப்ப கோவப்பட்டேன்?"

அதற்கும் அழுகிறாள். எதற்குத்தான் அழ மாட்டாள். வண்டி நகர்ந்த பிறகும் கூடவே நடந்து வந்தாள். கெம்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி கையாட்டியது. பக்கத்தில் காலி இடம். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

என்ன? போன் போடுவதா? இப்போதா?

நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். மண்டியாதான் தாண்டியிருக்கிறது, நாளைக்கு இதே வண்டியில் அவள் ஏறிவிடலாம், தெரியும். கணக்கு எனக்கும் வரும். போட்டால் என்ன கேட்பாள்? முதல் கேள்வி என்ன கேட்பாள்? "மத்தியானமே ஏன் சொல்லலைப்பா?" என்று கேட்பாள். பின்கட்டில் வைத்துக் கேட்டேனே, இருக்காள்னு சொன்னீங்களே என்பாள். வளையல் போட்டுப் பார்த்தேனே என்பாள். அதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள், போடுகிறேன். யோசியுங்கள். சேலம் வருகிற வரைக்கும் யோசியுங்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கே பதில் இல்லை, நாளைக்குச் சொன்னால் இரண்டு கேள்வி சேர்ந்துகொள்ளும். அடுத்த வாரம் சொன்னால் கேட்கவே மாட்டாள். முகத்திலேயே முழிக்க மாட்டாள்.

சம்பந்தியம்மா என்ன நினைப்பாள்? அந்த அம்மாள் உயிரைக் கொடுத்து எனக்குச் சோறு போட்டாள். அந்த வீட்டில் இந்நேரம் சந்தோஷமாக உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். கிழவனுக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று பேசுவார்கள். பேசட்டுமே. இன்றைக்கு ஒரு நாளாவது பேசட்டும்.

நீங்கள் போட்டுத் தருகிறேன் என்கிறீர்களா? வேண்டாம். நம்பர் தர மாட்டேன். உங்கள் வேலையைப் பாருங்கள். கோபமில்லை. சொல்கிறேன்.

இருங்கள், அடிக்கிறது. ராமலட்சுமி.

"ம். ஏறிட்டேன்... சாப்ட்டேன்... நல்லா இருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க... என்ன? ... ஏன், நீயே சொல்லேன்... ஏய், வேண்டாம்... சரி. வை."

காதில் வைக்கிறாளாம். வீட்டுக்காரி காதில். காலையிலிருந்து வாசல் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறாளாம். நானே சொன்னால்தான் நம்புவாளாம்.

"சுப்பு."

"நான்தான்."

"வாரா. செண்பகா வாரா. மாப்பிள்ளை, பேத்தி, சம்பந்தியம்மா, எல்லாரும் வாராங்க."

"ஆமா. பாத்தேன். நல்லா இருக்கா. உன்னை மாதிரியே இருக்கா."

"சரி. தூங்கு."

வைத்துவிட்டேன்.

மூச்சு மட்டும் கேட்டது, தம்பி. கழுத்துத் துளை வழியாக வருகிற மூச்சு. வாரா என்று சொன்னதும் அது வேகவேகமாக வந்தது. ஏதோ கேட்கப் பார்க்கிறாள். என்ன கேட்பாள்? எப்போ என்றுதான் கேட்பாள். அதைக் கேட்க அவளிடம் குரல் இல்லை.

நானும் சொல்லவில்லை.